அப்பாவுக்கு வந்தது என்ன?

அத்தியாயம் பதினேழு

யோகேஸ்வரியின் வயிற்றிலிருந்து போன மாதம் கிள்ளியெடுத்த சதைத் துணுக்கு, கடுகில் பாதிகூட இருக்காது. அதற்காக அவள் பட்ட பாட்டை இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். முந்தின நாளிலிருந்தே பட்டினி, வாய் வழியாக ஒரு குழாய், குழாய்க்குள் ஊசி, ஊசிக்குள் நூல் மாதிரி ஒரு குட்டி இடுக்கி. சிறுநீரகக் கல்லைத் தேடிப் போன ஸ்கேனில் கல் கிடைக்கவில்லை, கணையத்தின் வால் பக்கம் ஒரு நீர்க்கட்டி கிடைத்தது. அது சாதுவா, போக்கிரியா என்று தெரிந்துகொள்ளத்தான் கட்டியின் சுவரிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு முடிவு வந்தது. அதிலும் பாதிதான் வந்தது.

டாக்டர் ஹஸ்லிண்டா தாளைத் திருப்பி யோகேஸ்வரியின் பக்கம் வைத்தார். பக்கத்தில் மகள் லோஷினி குறிப்பெடுக்கத் தயாராக இருந்தாள். சிங்கப்பூரில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டர் மலாயில்தான் பேசினார். நமக்காக அதைத் தமிழில் சொல்கிறேன்.

“துணுக்கு ரொம்பச் சிறியது. நுண்ணோக்கியில் பார்த்தவர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் இருந்தாலே போதும். அதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. இது சும்மா தண்ணீர் கோத்த கட்டி இல்லை. பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய வகை.”

“மாறிடுச்சா?” என்று கேட்டாள் யோகேஸ்வரி.

“மாறத் தொடங்கியிருந்தால் வேறு சில மரபணுக்களில் அதன் அடையாளம் தெரியும். அதைப் படிக்கிற அளவுக்கு மாதிரி போதவில்லை.”

சாம்பிள் பத்தவில்லை. யோகேஸ்வரிக்கு இது புதுப் பேச்சு இல்லை. கெலாங் பாத்தாவில் மின்சாரச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கிறவள் அவள். சாம்பிள் பத்தாத சரக்குக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவாள். மேனேஜர் வந்து கெஞ்சினாலும், லாரி வாசலில் நின்று ஹார்ன் அடித்தாலும், சந்தேகம் தீராமல் ஒரு பெட்டி அவளைத் தாண்டிப் போனதில்லை. அந்த மஞ்சள் ஸ்டிக்கரை இன்றைக்குத் தன் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வந்ததே என்று அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. பயம் அதற்குப் பின்னால் வந்தது.

லோஷினி பேனாவை நிறுத்தினாள். “டாக்டர், மரபணுன்னா இது பரம்பரையா? எனக்கும் வருமா?”

“இல்லை, இது வேறு. இந்த மாற்றம் அந்தக் கட்டிக்குள் மட்டும் உண்டானது. உங்கள் அம்மாவின் ரத்தத்தில் ஓடுவதில்லை, உங்களுக்கு வந்து சேராது. பரம்பரையாக வருவதைப் பார்க்க ரத்தச் சோதனை தனியாக இருக்கிறது.” டாக்டர் படிவத்தைப் புரட்டினார். “ஆனால் நான் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் குடும்பத்தில், ரத்த சொந்தத்தில், யாருக்காவது கணையத்தில் புற்று வந்திருக்கிறதா?”

“இல்ல” என்றாள் யோகேஸ்வரி. போன மாதப் படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

“உங்கள் அப்பா எதனால் இறந்தார்?”

அப்பா செய்வினையால் இறந்தார். வீட்டில் இருபத்தேழு வருடமாக எல்லோரும் சொல்வது அதுதான். மலாயிலும் அதற்குச் சொல் இருக்கிறது, ‘பெர்புவாத்தான் ஓராங்’ என்றால் டாக்டருக்கு நன்றாகவே புரியும். புரிந்துவிடுமே என்றுதான் கூச்சமாக இருந்தது.

“மஞ்சளாயிட்டாரு, டாக்டர். மெலிஞ்சிட்டாரு. ஐம்பத்து மூணு வயசு.”

டாக்டர் ஹஸ்லிண்டா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நேராகப் பார்த்தார். “மஞ்சள், மெலிவு. அதற்கு என்ன காரணம் என்று அப்போது யாராவது சொன்னார்களா? ஏதாவது தாள் இருக்கிறதா?”

“தெரியல.”

“தெரிந்துகொள்ள முடியுமா? வியாழக்கிழமை நாங்கள் நாலைந்து டாக்டர்கள் கூடி உங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். மூன்று வழி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மறுபடி குழாய் விட்டு இன்னொரு துணுக்கு எடுக்கலாம். அல்லது கட்டியோடு கணையத்தின் வாலை வெட்டி எடுத்துவிடலாம். பெரிய ஆப்பரேஷன், சும்மா சொல்லவில்லை. மாதிரி முழுப் பதிலையும் சொல்லியிருந்தால் உங்கள் அப்பாவைப் பற்றி இவ்வளவு துருவியிருக்க மாட்டேன். இப்போது உங்கள் குடும்பக் கதையும் எனக்கு ஒரு சோதனை முடிவு மாதிரிதான். அப்பாவுக்கும், அந்தப் பக்கத்தில் இன்னொருவருக்கும் இந்த வியாதி இருந்திருந்தால், காத்திருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.”

யோகேஸ்வரி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வியாழக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிட்டு வர்றேன்” என்றாள்.

காருக்குள் உட்கார்ந்ததும் லோஷினி பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, தாத்தாவுக்கு என்னம்மா ஆச்சு? உண்மைய சொல்லுங்க.”

“செய்வினைன்னு சொன்னாங்க.”

“அலமாக்! அம்மா! நீங்க ஃபேக்டரியில ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தா ரெண்டு நாளு தூங்க மாட்டீங்க. இத எப்படிம்மா நம்புனீங்க?”

நியாயமான கேள்விதான். யோகேஸ்வரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பதில் தேடினாள். கிடைத்த பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் அவளுக்கு இருபத்து நான்கு வயது. அப்பா வேலு, பாலோ ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலே மாதத்தில் ஆள் பாதியாகி, கண்ணெல்லாம் மஞ்சளாகி, படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் போர்வை மாற்றும்போது தலையணை உறைக்குள் ஒரு செப்புத் தகடு, கறுப்புக் கயிற்றில் சுருட்டிக் கட்டியது, யோகேஸ்வரியின் கையில் தட்டுப்பட்டது. அதை அங்கே வைத்தது அப்பாவின் தங்கை ராஜம்மா என்று எல்லோருக்கும் தெரியும், முந்தின நாள் அறைக்குள் தனியாகப் போய் வந்தவள் அவள்தான். யோகேஸ்வரி தகட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூடும்படி கத்தினாள். அத்தைதான் வைத்துவிட்டாள், அத்தைதான் அப்பாவைத் தின்கிறாள் என்று கத்தினாள்.

மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். சாவு வீட்டுக்கு வந்த ராஜம்மாவை, யோகேஸ்வரியின் அண்ணன் காளிதாஸ் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ரோட்டில் விட்டார். கூடப் பிறந்தவனுக்கு வாய்க்கரிசி போடக்கூட விடவில்லை. அன்றிலிருந்து அத்தையோடு பேச்சு நின்றது. அம்மா புஷ்பவள்ளி மூன்று வருடத்துக்கு முன் கண்ணை மூடும் வரை அந்தப் பெயரை எடுத்ததில்லை.

“அப்பாவ க்ளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது அத்ததான்” என்றாள் யோகேஸ்வரி மெதுவாக. “அவங்க அங்க அட்டெண்டனா வேலை செஞ்சாங்க. டாக்டர் என்ன சொன்னாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

“அவங்க உயிரோட இருக்காங்களா?”

“இருக்காங்க. பாலோ டவுனுல, ஸ்டேஷனுக்குப் பின்னால இருக்கிற குடியிருப்புத் தாமான்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பேச்சு நின்ற சொந்தக்காரர்களின் விலாசம்தான் நமக்கு அத்துப்படியாக இருக்கும், யார் வீட்டில்தான் அப்படி இல்லை. யோகேஸ்வரி காரைக் கிளப்பினாள். கெலாங் பாத்தா போகிற பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தாள்.

“இப்பவேவா?”

“நாளைக்குன்னு வச்சா எனக்குத் தைரியம் போயிடும். இப்பவே.”

கூலாய் தாண்டும்போது போன் அடித்தது. காளிதாஸ். லோஷினி ஸ்பீக்கரில் போட்டாள். காளிதாஸுக்கு ஐம்பத்தாறு வயது, கோயில் கமிட்டித் தலைவர், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுகிறவர். தங்கை என்றால் உயிரைக் கொடுப்பார். அந்த உயிரை அவர் கொடுக்கிற விதத்தில்தான் தங்கைக்குத் தலைவலி.

“யோகா, ரிசல்ட்டு என்ன ஆச்சு?”

அவள் சொன்னாள். பாதி வந்தது, பாதி வரவில்லை. அப்பாவின் வியாதியைக் கேட்கிறார்கள். பாலோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.



“எங்க?”

“ராஜம்மா அத்த வீட்டுக்கு.”

“உனக்குப் பைத்தியமா? அப்பாவ முழுங்கின பொம்பளகிட்டப் போயி அப்பாவுக்கு என்னன்னு கேக்கப் போறியா? அவ உண்மைய சொல்லுவாளா? காடிய திருப்பு.”

“திருப்ப மாட்டேன், அண்ணே.”

“நான் சொல்றத கேளு லா. லோஷினிக்கு வரன் பேசிக்கிட்டிருக்கோம். மாப்பிள வீட்ல இப்பத்தான் சரின்னு சொல்ற மாதிரி இருக்காங்க. இந்த நேரத்துல மரபணு, பரம்பரை, கான்சருன்னு நீ ஊரு ஊரா போயி விசாரிச்சா, நாளைக்கு யாரு நம்ம வீட்ல பொண்ணு எடுப்பாங்க? உன் கட்டிய டாக்டர் பாத்துக்குவாரு. பழைய கதைய எதுக்குக் கிளர்ற?”

லோஷினிக்கு முகம் சிவந்துவிட்டது. “மாமா, நான் இங்கதான் இருக்கேன். எனக்குக் கேக்குது.”

“கேக்கட்டும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எனக்கு எது நல்லதுன்னா, எங்க அம்மா உயிரோட இருக்கிறதுதான் மாமா.”

காளிதாஸ் பதிலுக்கு ஏதோ தொடங்கினார். யோகேஸ்வரி கையை நீட்டித் தொடர்பைத் துண்டித்தாள். பிறந்ததிலிருந்து அண்ணன் பேசும்போது போனை வைத்தவள் இல்லை அவள். கால் மட்டும் ஆக்சிலேட்டரை விடவில்லை.

ஆயர் ஈத்தாமில் இறங்கி, க்ளுவாங் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ரோட்டில் முக்கால் மணி நேரம். பாலோவை அடைந்தபோது மணி ஒன்று. இரண்டாவது வரிசையில் கடைசி வீடு. இரும்பு கேட்டுக்குப் பின்னால், முட்டி வரைக்கும் பாத்தேக் துணி கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயால் தரை கழுவிக்கொண்டிருந்தாள் ராஜம்மா. அறுபத்தைந்து வயது. தலை நரைத்திருந்தது, உடம்பு ஒல்லியாக இருந்தாலும் விறைப்பாக இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரே பார்வைதான். உடனே அடையாளம் தெரிந்துவிட்டது என்பது, அவள் மறுபடி குனிந்து தரை கழுவத் தொடங்கிய வேகத்தில் தெரிந்தது.

“அத்த” என்றாள் யோகேஸ்வரி.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அத்த, நான் யோகா.”

“கூட யாரு?” குனிந்தபடியே கேள்வி வந்தது.

“எம்மக. லோஷினி.”

ராஜம்மா குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்து கேட்டைத் திறந்தாள். ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்தாள். “அந்தப் புள்ள உள்ள வரட்டும். வெயில்ல நிக்க வேணாம்.”

லோஷினி அம்மாவைப் பார்த்தாள். யோகேஸ்வரி தலையசைத்தாள். மகள் உள்ளே போனதும் கேட் மறுபடி சாத்திக்கொண்டது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் நின்றாள் யோகேஸ்வரி. இதுவும் வேண்டும் எனக்கு என்று அவளுக்குத் தோன்றியது. அத்தையை அன்றைக்கு நிறுத்தியதும் ரோட்டில்தானே.

“தகட்ட எடுத்தது நான்தான், அத்த” என்றாள் கேட் கம்பியைப் பிடித்தபடி. “லயத்தக் கூட்டிக் கத்துனதும் நான்தான்.”

“தெரியும். என் காது நல்லாத்தான் இருந்துச்சு.” ராஜம்மா குழாயைக் கையில் எடுத்தாள். “அது தகடு இல்ல. தாயத்து. முனியாண்டி கோயிலுக்கு மூணு செவ்வாக்கெழம நடந்து போயி, என் அண்ணன் உயிரு தங்கணும்னு மந்திரிச்சி வாங்கிட்டு வந்தது. கையில கட்டுனா உங்க அம்மா அவுத்துருவான்னு தலையணைக்குள்ள வச்சேன். சொல்லவா விட்டீங்க?”

யோகேஸ்வரி கேட் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“வாய்க்கரிசி போட விடல நீங்க. கூடப் பொறந்தவன் அவன். வரிசையில நின்ன வெளியாளுங்க எல்லாம் போட்டாங்க. நான் ரோட்டுல நின்னு பாத்தேன். இப்ப என்ன, சொத்து ஏதும் பாக்கி இருக்கா? கையெழுத்து வேணுமா?”

“எனக்குப் பங்கிரியாஸ்ல கட்டி, அத்த.”

தண்ணீர் ராஜம்மாவின் காலில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சுவரோரம் போய்க் குழாயை மூடினாள்.

“எந்தப் பக்கம்?”

“வால் பக்கம்.”

“ஊசி போட்டு எடுத்துப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க. மாறக்கூடிய கட்டின்னு ஜீன் டெஸ்ட்டு சொல்லுது. மாறிடுச்சான்னு சொல்ல சாம்பிள் பத்தல. அப்பாவுக்கு என்னன்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல அத்த. நீங்க திட்டணும்னா திட்டுங்க. நாள் முழுக்க நிக்கிறேன். ஆனா அத மட்டும் சொல்லிருங்க.”

கேட் இந்த முறை முழுதாகத் திறந்தது.

உள்ளே போனதும் ராஜம்மா யாரையும் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. நேராக அலமாரியைத் திறந்து ஒரு நீல ஃபைலை எடுத்து வந்து மேசையில் போட்டாள். உள்ளே பழுப்பேறிய ஆஸ்பத்திரி அட்டை, அப்பாவின் பெயர், தேதி, டைப் அடித்த ஒரு தாள். யோகேஸ்வரி மலாயில் இருந்த அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். கணையத்தில் புற்று. ஈரலுக்குப் பரவியது.

“டாக்டரு எங்கிட்ட சொன்னாரு. நான் அன்னைக்கே உங்க அம்மாகிட்ட சொன்னேன், ஒன்னு விடாம. அவ என்ன சொன்னா தெரியுமா? யோகாவுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கு, கான்சருன்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான், வாய மூடிக்கிட்டு இருன்னா. சரின்னேன். அப்புறம் நீ தாயத்தத் தூக்கிட்டு வந்து கத்துற. அவ உன் பக்கத்துலதான் நிக்கிறா. ஒரு வார்த்த சொல்லல.”

செய்வினை என்றால் பழி வெளியாளோடு போய்விடும். வியாதி என்றால் ரத்தத்தில் தங்கும், பெண் கேட்டு வருகிறவன் யோசிப்பான். அம்மா யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். யோகேஸ்வரிக்குச் செத்துப்போன அம்மாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்தக் கல்யாணம் நடந்தது. அதில் பிறந்த பெண்தான் எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். யாரைப் போய்த் திட்டுவது?

“டாக்டர் இன்னொன்னும் கேட்டாங்க பாட்டி” என்றாள் லோஷினி. “தாத்தா பக்கத்துல வேற யாருக்காவது...”

“பாட்டியா?” ராஜம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேல்சட்டையின் ஓரத்தை விலா வரைக்கும் தூக்கினாள். இடப்பக்கம் நீளமாக ஒரு வெட்டுத் தழும்பு, வெள்ளையாகப் பழகிப்போனது.

“ஒம்பது வருசம் ஆச்சு, ஆப்பரேஷன் லெட்டரும் அந்த ஃபைல்லதான் இருக்கு. வாலும் போச்சு, மண்ணீரலும் போச்சு. தினம் இன்சுலின் குத்திக்கிறேன். மத்தபடி பாரு, தர கழுவுறேன்.”

யோகேஸ்வரி குனிந்து தழும்பைப் பார்த்தாள். “எப்படிக் கண்டுபிடிச்சாங்க அத்த?”

“எவன் கண்டுபிடிச்சான்? நானாப் போயிக் கேட்டேன். என் அண்ணன் இதுலதான் செத்தான், எனக்கும் பாருங்கன்னு டாக்டருகிட்ட நச்சரிச்சேன். தொல்ல தாங்காம ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு. வெட்டி எடுத்து டெஸ்ட்டு பண்ணிட்டு, இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா அண்ணன் கதைதான்னாங்க.” ராஜம்மாவின் குரல் முதல் முறையாக இறங்கியது. “ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு உங்க ரெண்டு பேருக்கும் சொல்லி அனுப்பணும்னு நெனச்சேன். ரெண்டு தடவ நம்பர் போட்டேன். ஒரு தடவ உன் அண்ணன் எடுத்தான். என் குரலக் கேட்டதும் வச்சிட்டான்.”

ஒன்பது வருடம். கட்டி அப்போது இருந்ததோ இல்லையோ, யாருக்குத் தெரியும். ஆனால் பார்க்கச் சொல்லி ஒருத்தி கூப்பிட்டிருக்கிறாள், அந்தக் குரலை இவர்கள் வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. யோகேஸ்வரி அழத்தான் நினைத்தாள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருந்தது.

“லோஷினி, இந்தத் தாள எல்லாத்தையும் படம் புடி. அத்தையோட ஆப்பரேஷன் லெட்டரையும் புடி. டாக்டர் ஹஸ்லிண்டாவுக்கு இப்பவே அனுப்பு.” திரும்பி அத்தையைப் பார்த்தாள். “இன்னொரு துணுக்கு எடுத்து, இன்னொரு மாசம் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். வெட்டி எடுத்துருங்கன்னு வியாழக்கெழம சொல்லிடுவேன். ரத்த டெஸ்ட்டும் பண்ணச் சொல்றேன். எனக்கு இருந்தா இவளுக்கும் பாக்கணும்.”

“மாப்பிள வீட்ல?” என்றாள் லோஷினி சின்னக் குரலில்.

“நானே போயிச் சொல்றேன். கேட்டுட்டு ஓடுறவங்க ஓடட்டும்.”

ராஜம்மா அவளை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். “மொத வாரம் சிரிக்கவே முடியாது, வயிறு பிச்சிக்கும். யாரையும் பக்கத்துல வந்து ஜோக்கு சொல்ல விடாத.”

“அத்த, என்ன மன்னிச்சி...”

“அதெல்லாம் அப்புறம் பாப்போம். மொதல்ல நீ உயிரோட இரு.” அவள் அடுப்படிக்குப் போகத் திரும்பினாள், வாசற்படியில் நின்றாள். “காளி எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்காரு. கொஞ்சம் மெலிஞ்சிட்டாரு. இனிப்பு நீர் வந்துருக்கு, சக்கர வியாதி, வாயக் கட்டுறாரு, அதான்.”

“எப்ப வந்துச்சு?”

“மூணு மாசம் இருக்கும்.”

“அதுக்கு முன்னால இருந்ததில்லையா?”

“இல்ல. திடீர்னுதான்.”

ராஜம்மா திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் இப்போது வேறொன்று இருந்தது. “பங்கிரியாஸ் கெட்டாலும் இப்படித் திடீர்னு இனிப்பு நீர் வரும். அவனுக்குப் போன் போடு” என்றாள்.

“அத்த, அவரு இப்ப பேசுற நெலமையில...”

“போடுன்னா போடு.”

முதல் மணியிலேயே எடுத்தார் காளிதாஸ். “அந்த வீட்ட விட்டு வெளிய வந்துட்டியா இல்லியா? நான் அப்பவே சொன்னேன்...”

ராஜம்மா போனைக் கையிலிருந்து வாங்கினாள்.

“காளி.”

மைக் இல்லாமல் பேசுகிற அந்தக் குரல் அப்படியே நின்றது.

“வைக்கணும்னா வச்சிரு. போன தடவ மாதிரி வச்சிரு. ஆனா வைக்கிறதுக்கு முன்னால ஒன்னே ஒன்னு சொல்லு. ராத்திரி மல்லாக்கப் படுத்தா உனக்கு முதுகு வலிக்குதா? எந்திரிச்சி குனிஞ்சி உக்காந்தா கொஞ்சம் தேவலையா இருக்கா?”

யோகேஸ்வரிக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பா ராத்திரியில் படுக்க மாட்டார். கட்டிலின் ஓரத்தில் குனிந்து, வயிற்றைக் கட்டிக்கொண்டு, விடியும் வரை உட்கார்ந்திருப்பார். மரம் வெட்டின முதுகு, வலிக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

காளிதாஸ் போனை வைத்துவிடுவார் என்றுதான் யோகேஸ்வரி நினைத்தாள். லோஷினியும் அப்படித்தான் நினைத்தாள்.

“ரெண்டு மாசமா” என்றார் காளிதாஸ். குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது. “யாருகிட்டயும் சொல்லல, அத்த.”